இராசதுரை வீட்டுச் சொற்கள்

திருகோணமலைப் பாலையூற்றில் தவமலர் அன்ரியின் வீட்டு நாய் பொழுதுபட்ட பிறகு குரைப்பதில்லை. குரைக்க வாயெடுக்கும்போதே குசினிக்குள்ளிருந்து "விஷ்ட்!" என்று ஒரு சத்தம் வரும். நாய் முனகிக்கொண்டு படுத்துவிடும். அதற்கு முன்பு இருந்த நாயும் அப்படித்தான், அதற்கும் முன்பு இருந்ததும் அப்படித்தான் என்று அயலில் சொல்வார்கள். அந்த வீட்டு நாய்களுக்குத் தமிழில் அதட்டினால் விளங்காது என்று ஒரு பகிடியும் உண்டு.

நான் அந்த வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். வந்த புதிதில், அவருக்கு நாய்ச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்தேன். நாய் குரைத்தால் வாசல் படலையில் வந்து நிற்பவரின் குரல் கேட்காமல் போய்விடும் என்பதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அவர் எதிர்பார்த்திருந்தது ஒரே ஒரு குரலைத்தான். அது அவருடைய தம்பி இராகுலனின் குரல். தொண்ணூறாம் ஆண்டு அந்தப் படலையில் வைத்துத்தான் இராகுலனைக் கொண்டுபோனார்கள். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது.

அவர்களுடைய தகப்பன் இராசதுரை துறைமுகத்து டொக்யாட்டின் பொயிலர் பட்டறையில் வேலை செய்தவர். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போகும்வரை அங்கேதான் இருந்தார். அவருக்குப் போர்மனாக இருந்தவர் மக்ரே என்ற ஸ்கொட்லாந்துக்காரர். மக்ரே பேசிய ஆங்கிலம் டொக்யாட்டில் இருந்த மற்ற வெள்ளைக்காரருக்கே பாதி விளங்காதாம். இராசதுரைக்கு முழுவதும் விளங்கியது. ஏனென்றால் அவருக்கு வேறு ஆங்கிலம் தெரியாது.

அந்தச் சொற்கள் இராசதுரையோடு வீட்டுக்கு வந்தன. சத்தம் போடாதே என்பதற்கு விஷ்ட். மார்கழி மழையில் துறைமுகம் கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கிடந்தால் அந்த நாளுக்குப் பெயர் ட்ரீக். காய்ச்சல்காரர் மாதிரி முகம் வெளுத்திருப்பவர் பீலிவொலி. வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் பாணுக்குப் பெயர் பீஸ். ஆங்கிலமே தெரியாத தாயும், குழந்தை அழுதால், "பிள்ளை கிரீட் பண்ணுது, தூக்குங்கோ" என்றுதான் சொல்வாராம். யாராவது வெளியே புறப்பட்டால், போய்வா என்பதற்குப் பதிலாக "ஹேஸ்ட் யி பக்" என்பார்கள். கவலைப்படாதே, பயப்படாதே என்பதற்கு "டின்னா ஃபாஷ்."

சில பேச்சுகள் மக்ரேயிடமிருந்து வந்தவை அல்ல, மக்ரேயைப் பற்றி வந்தவை. அவர் தேநீர்க் கோப்பையைப் பட்டறையின் நீராவிக் குழாயின் மேல் வைத்துவிட்டுக் கதையில் மறந்துபோவாராம். ஞாபகம் வந்து எடுக்கும்போது நெருப்பு அணைந்திருக்கும், தேநீரும் ஆறியிருக்கும். அதனால் அந்த வீட்டில் பஸ் போய்விட்டாலும், கடை பூட்டிவிட்டாலும், "மக்ரேயின்ர தேத்தண்ணி ஆறிப்போச்சு" என்பார்கள். தவமலர் அன்ரிக்குப் பேசிவந்த கல்யாணம் குழம்பிய அன்றும் தகப்பன் அதைத்தான் சொன்னாராம். வீடே சிரித்ததாம். அவரும் சிரித்தாராம்.

"எங்கட அம்மா சொல்லுவா, உங்கட மக்ரே துரை போகேக்க மற்ற ஆக்களுக்குக் கதிரை குடுத்தார், அலுமாரி குடுத்தார், எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் குடுத்தவர் எண்டு," என்று அன்ரி ஒருநாள் என்னிடம் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை வானிலையைப் பற்றிக் கேட்டபோது, ட்ரீக் என்று எழுந்து சொல்லி, வகுப்பு முழுவதும் சிரிக்க அழுதுகொண்டு வந்தவர் அவர். அன்று தகப்பன் பக்கத்தில் இருத்திச் சொன்னதை அப்படியே சொல்லிக்காட்டுவார்: "இது வெளியில எடுக்கிற சாமான் இல்லை மோனை. மக்ரே எனக்கெண்டு தனியச் சொல்லித் தந்தது. டொக்யாட்டில வேற ஆருக்கும் தெரியாது. இது எங்கட வீட்டுக்குள்ள இருக்கட்டும்."

அப்படியே இருந்தது. பிள்ளைகள் அந்தச் சொற்களைப் படலைக்கு வெளியே கொண்டுபோகவில்லை. பிறகு சண்டைக்காலம் வந்தபோது அதற்கு ஒரு பயனும் கிடைத்தது. பொழுதுபட்டால் யாரும் யாருக்கும் கதவு திறக்காத நாட்கள் அவை. தட்டுவது யார் என்று தெரியாது. தமிழில் கூப்பிட்டாலும் நம்ப ஏலாது. பட்டணத்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் வேலை செய்த இராகுலன் பிந்தித்தான் வருவார். வந்து படலைக்கு வெளியே நின்று, தட்டாமல், "டின்னா ஃபாஷ்" என்று சொல்வார். உள்ளே மூன்று பேருக்கும் மூச்சு வரும். அன்ரி போய்த் திறப்பார். நெட்டையான இராகுலன் குசினி நிலைக்குத் தலை குனிந்து உள்ளே வருவார்.

கொண்டுபோன அன்றும் அதைத்தான் சொன்னார். வாகனத்தில் வந்தவர்கள் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை. தகப்பனைத் தள்ளி விழுத்தினார்கள். பின்கதவு மூடும்போது இராகுலன் தமக்கையைப் பார்த்து, "டின்னா ஃபாஷ், அக்கா" என்றார். பின்பு விசாரணை ஆணைக்குழுக்கள் வந்து, கடைசியாக என்ன சொன்னவர் என்று கேட்டபோதெல்லாம் அன்ரி இந்தச் சொல்லைத்தான் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் திகைப்பார். என்ன பாஷை அம்மா என்பார். எங்கட வீட்டுப் பாஷை என்று அன்ரி சொல்வார்.

தொண்ணூற்றுமூன்றில் ஒரு நல்ல செய்தி வந்தது. இராகுலனைக் கொண்டுபோன பிறகு அந்த வீட்டுக்கு வந்த ஒரே நல்ல செய்தி அதுதான். யாராவது விடுதலையாகி வந்தால் காணாமல் போனவர்களின் தாய்மார் படத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். திரியாயைச் சேர்ந்த ஒரு பொடியன் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு இவர்களின் தாயும் போனார். தவமலர் அன்ரியும் கூடப் போனார். அவனை ஒரு பழைய நெற்களஞ்சியத்தில் வைத்திருந்தார்களாம். படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். முகங்களைக் காணக் கிடைக்கவில்லை என்றான். எழும்பி வரும்போது அவனாகவே சொன்னான்.

"பக்கத்து அறையில ஒராள் இருந்தவர் அம்மா. நான் அழுதால் சுவரில தட்டித் தட்டிக் கதைப்பார். இங்கிலீசும் இல்லை, சிங்களமும் இல்லை. டின்னா பாஸ், டின்னா பாஸ் எண்டு. அந்தக் குரலாலதான் நான் விசர் பிடிக்காமல் இருந்தனான்."

தாய் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம்.

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் மிச்ச வாழ்க்கை முழுவதும் கட்டப்பட்டது. மூன்று வருஷத்துக்குப் பிறகும் இராகுலன் உயிரோடு இருந்திருக்கிறார். மூன்று வருஷம் இருந்தவர் மேலும் இருக்கலாம். தகப்பன் அந்த நம்பிக்கையோடு கண்ணை மூடினார். தாய் சாகும்வரை இரவுச் சாப்பாட்டுக்கு நாலாவது கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். இறந்தவராகப் பதிந்துவிடலாம் என்று அதிகாரிகள் சொன்னபோது அன்ரி மறுத்தார். கனடாவில் இருந்த சிறியதாயின் மகள் வரச்சொல்லிக் கூப்பிட்டபோதும் மறுத்தார். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை, வேலை விட்டால் வீடு. பொழுதுபட முன்னம் வந்துவிடவேண்டும், அவ்வளவுதான். படலைக்கு ஒருநாளும் பூட்டுப் போட்டதில்லை.

போன ஆவணியில்தான் மீன்கார அன்ஸார் அந்த வீட்டுச் சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். கிண்ணியாக்காரர். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு காலையில் எங்கள் ஒழுங்கைக்கு வருவார். கிண்ணியாவில் மீன் குறைந்த நாட்களில் புல்மோட்டைக்குப் போய் எடுத்துவருவார். அன்று நாய் அவர்மேல் பாயப் பார்த்தது. அன்ரி விஷ்ட் என்றார். அன்ஸார் சிரித்தார்.

"அக்கா, நீங்களும் இந்தச் சொல்லை வச்சிரிக்கீங்களா? புல்மோட்டை மீன் வாடியில ஒரு மனிசன் இரிக்கார், கிழிஞ்ச வலை பொத்துறவர். கருவாட்டில காகம் வந்து இருந்தாப் போதும், விஷ்ட் விஷ்ட் எண்டு கத்துவார். நாங்க அவரை விஷ்ட் காக்கா எண்டுதான் கூப்பிடுற."

அன்ரி கையில் இருந்த சட்டியை நிலத்தில் வைத்தார்.

"வேற என்ன சொல்லுறவர் தம்பி?"

"அதெல்லாம் ஆருக்கு விளங்குது? டின்னா, டின்னா எண்டு ஒண்டு சொல்லுவார். டின்பால் கேக்கிறார், ஒரு பேணி வாங்கிக் குடுங்கடா எண்டு பொடியன்மார் நக்கல் அடிப்பானுகள்."

"வயசு என்ன இருக்கும்?"

"கடல்காத்து குடிச்ச முகம் அக்கா. அறுவதும் சொல்லலாம், எழுவதும் சொல்லலாம்."

"சொந்தக்காரர் இருக்கினமோ?"

"ஒரு புள்ள சாப்பாடு கொண்டு வரும். மகள் எண்டு சொல்ற. சொந்த மகளோ வளர்த்த மகளோ தெரியா. மனிசன் அந்த ஊர் இல்ல. பிரச்சினைக்குப் பொறகு எங்கயோ இருந்து வந்து சேர்ந்தவராம்."

"பேர்?"

"அல்லாஹ் மேல சத்தியமா எனக்குத் தெரியா. அக்கா, மீன் எடுக்கிறீங்களா இல்லையா? ஐஸ் கரையுது."

அன்று அன்ரி மீன் வாங்கவில்லை. நான் வேலைக்குப் புறப்படும்போது வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை உமக்கு வேலை இல்லைத்தானே?"

நான் அவசரப்படவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அது வேறு யாராகவும் இருக்கலாம் என்றேன். அவர் என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வேற ஆர்? இந்த ஊரில அந்தச் சொல் இருக்கிற வீடு இது ஒண்டுதான். அப்பா இல்லை. அம்மா இல்லை. நான் உமக்கு முன்னால நிக்கிறன். மிச்சம் ஆர், சொல்லும் பாப்பம்?"

"அப்பிடியெண்டால் இவ்வளவு காலமும் ஏன் வரேல்ல அன்ரி?"

"தலையில அடிச்சிருப்பாங்கள். பேர் மறந்திருக்கும், வீடு மறந்திருக்கும். ஆரோ புண்ணியவான்கள் சோறு குடுத்து வச்சிருக்கினம்." படலைப் பக்கம் பார்த்து, "சொல் மறக்கேல்லப் பாரும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் எழும்பியபோது குசினியில் அவர் பாண் வெட்டிக்கொண்டிருந்தார். முதல்நாளே கிளறிவைத்த சீனிச்சம்பலை உள்ளே வைத்து, வாட்டிய வாழையிலையில் சுற்றி, கடுதாசியால் மூடினார். இராகுலன் வேலைக்குக் கொண்டுபோன பீஸ் அப்படித்தான் இருக்குமாம். கண்ணாடி முன் நெடுநேரம் நின்றார். தலைமயிரை ஒருதடவை கொண்டையாகப் போட்டார், பிறகு அவிழ்த்துப் பின்னினார்.

"அப்ப நான் பின்னித்தான் விடுறனான். இப்பிடிக் கண்டால் அடையாளம் தெரியுமோ பிள்ளை?"

தெரியும் என்றேன்.

பஸ்ஸில் யன்னலோரம் இருந்தார். நிலாவெளி, குச்சவெளி, பிறகு கடல் ஒருபக்கமும் களப்பு ஒருபக்கமுமாக நீண்டு போகும் தெரு. திரியாய்ச் சந்தியில் பஸ் நின்றபோது எட்டிப் பார்த்தார். அந்தப் பொடியன் எப்போதோ வெளிநாடு போய்விட்டான். "கனகாலம் நல்லா இருக்கவேணும் அவன்," என்று கையெடுத்தார். மடியில் இருந்த பையை வழிமுழுவதும் ஒரு கையால் பிடித்தபடியே இருந்தார்.

புல்மோட்டையில் இறங்கித் தேநீர்க் கடையில் நான்தான் விசாரித்தேன். தம்பியைப் பட்டப்பெயர் சொல்லிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கடைக்காரர் சிரித்தார்.

"விஷ்ட் காக்காவா? அவரைத் தேடியும் ஆக்கள் வாறாங்களா? நேரா போங்க, தகர வேலி போட்ட வளவு. காகம் இல்லாத இடம் எதுவோ அதுதான்."

தகர வேலியைக் கண்டதும் அன்ரி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். படலைக்கு வெளியே போய் நின்றார். உள்ளே ஒரு தாழ்ந்த கிடுகுக் கொட்டில், அதற்கு முன்னால் குவித்துப் போட்ட நீல வலை. யாரையும் காணவில்லை. உள்ளே றேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவர் தட்டவில்லை. இராகுலன் நிற்பதுபோல, முகத்தைக் கொஞ்சம் சரித்து நின்றுகொண்டு சொன்னார்.

"டின்னா ஃபாஷ்."

றேடியோ நின்றது.

"டின்னா ஃபாஷ் யசெல்!" என்று கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் திருப்பிச் சொன்னது.

அன்ரியின் கை படலைக் கம்பியைப் பற்றிக்கொண்டது. கடைசியில் வந்த அந்தத் துண்டு அவர் வாழ்நாளில் கேட்டிராதது.

கொட்டிலின் வாசலால் ஒருவர் வெளியே வந்தார். அந்தத் தாழ்ந்த வாசலால், குனியாமல் வந்தார். வெள்ளைத் தாடி, கட்டைச் சாரம், அன்ரியின் தோளுக்கு நிற்பார். அன்ரி அவருடைய முகத்தைப் பார்க்கவேயில்லை என்று நினைக்கிறேன். அதற்கு முன்பே எல்லாம் தெரிந்துவிட்டது.

"ஆரு? ஆரு இதச் சொன்ன? நீங்களா தங்கச்சி?" கிழவர் ஓடிவந்து படலையைத் திறந்தார். "எண்ட வாப்பா மௌத்தான நாளுக்குப் பொறகு வாசல்ல நிண்டு ஒருத்தரும் இந்தச் சொல்லைச் சொல்லல்ல! நீங்க ஆருட மகள்?"

"இராசதுரை," என்றார் அன்ரி.

"பொயிலர் பட்டறை இராசதுரையா? நெட்டை இராசதுரை? அல்லாஹ்வே! நான் முனீப். முஹம்மது தம்பிட மகன். அதே பட்டறையில சம்மட்டி அடிச்சவர் எண்ட வாப்பா. வாங்க, வாங்க, இரிங்க. சனூஸா! கதிரை கொண்டு வா, ஆள் வந்திரிக்கு!"

சனூஸா அவருடைய மகள், சொந்த மகள்தான். நாற்பது வயதிருக்கும். இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டார். அன்ரி இருந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பா உங்கட வாப்பாவைப் பற்றி ஒண்டும் சொன்னதில்லை," என்றார்.

"எப்பிடிச் சொல்லுவார்? ரெண்டு பேருக்கும் ஒருநாளும் சரிவரல்ல. மக்ரே தனக்கு மட்டும்தான் தன்ட பாஷையைச் சொல்லிக் குடுத்தது எண்டு எண்ட வாப்பாக்கு ஒரே பெருமை. உங்கட அப்பாவும் அப்பிடித்தான் வீட்டில சொல்லியிருப்பார், என்ன?" கிழவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அந்தப் பட்டறையில இருந்த அவ்வளவு பேருக்கும் அந்த நினைப்பு. மனிசன் ஒவ்வொருத்தனையும் தனியக் கூப்பிட்டுச் சொல்லியிரிக்கார். இவனுகள் ஒருத்தனுக்கு ஒருத்தன் மறைச்சே செத்துப் போனானுகள்!"

சனூஸா பிளேன்ரீ கொண்டுவந்தார்.

"குடிங்க, குடிங்க. மக்ரேட தேத்தண்ணி ஆறிப்போகும்," என்றார் முனீப்.

அன்ரி கோப்பையை வாங்கிய கை அப்படியே நின்றது. சனூஸா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அன்ரி, உங்களுக்கும் இந்த விசர் இரிக்கா? எங்கட வாப்பாக்கு மட்டும் எண்டு நினைச்சி எவ்வளவு வெக்கப்பட்டிரிக்கம் தெரியுமா! எண்ட கலியாண வீட்டில மாப்பிள்ளையப் பாத்து பீலிவொலி எண்டு சொல்லிப்போட்டார்."

"பீலிவொலியாத்தானே இருந்தான்," என்றார் கிழவர். "நீ பேசாம இரு. விஷ்ட்."

அவருக்கு அன்று பெருநாள் மாதிரி இருந்தது. ஒரு சொல்லைச் சொல்லுவார், தெரியுமா என்று அன்ரியின் முகத்தைப் பார்ப்பார். அன்ரி தலையாட்டுவார். அடுத்ததைச் சொல்லுவார். அன்ரிக்குத் தெரியாத சொற்களும் அவரிடம் இருந்தன. தூசிக்கு ஒரு சொல், பிடிவாதக்காரனுக்கு ஒரு சொல், அக்குளுக்குக்கூட ஒரு சொல். தொண்ணூறில் பட்டணத்திலிருந்து ஓடிவந்ததையும், மனைவி தவறிப்போனதையும், மகனும் மருமகனும் கட்டாரில் இருப்பதையும் இடையிடையே சொன்னார். நாங்கள் எதற்காக வந்தோம் என்று அவர் கேட்கவில்லை. டொக்யாட் பிள்ளை ஒன்று டொக்யாட் பிள்ளையைத் தேடி வந்திருக்கிறது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

எழும்புவோமா என்று நான் அன்ரியைப் பார்த்த நேரத்தில் முனீப் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க சிரிக்கக்கூடாது தங்கச்சி. இந்தச் சொல்லாலதான் நான் இண்டைக்கு உசிரோட இரிக்கன். தொண்ணூத்திரெண்டில என்னையும் கொண்டு போனவங்க. ஆரோ எண்டு நினைச்சி என்னைப் புடிச்சிட்டாங்க. எட்டு மாசத்துக்குக் கிட்ட உள்ளுக்கு இருந்தனான்."

"எங்க?" என்றார் அன்ரி.

"ஆருக்குத் தெரியும்? கண்ணைக் கட்டித்தானே கொண்டு போன. நெல்லுப் போடுற பழைய களஞ்சியம் ஒண்டு. உமி மணம் இன்னும் மூக்கை விட்டுப் போகல்ல. பலகை அடிச்சி அறை அறையாப் பிரிச்சிருந்தாங்க. பக்கத்து அறையில ஒரு சின்னப் பொடியன், திரியாய்ப் பக்கத்துப் பொடியன் போல, ஒவ்வொரு நாளும் அழுவான். எனக்கு என்ன செய்யத் தெரியும்? வாப்பா எனக்குச் சொன்னதுதான். சுவரில தட்டி, டின்னா ஃபாஷ், டின்னா ஃபாஷ் எண்டு சொல்லிக்கொண்டே இருப்பன். அவனுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கும் பயம் போச்சி."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல வலையின் ஒரு பகுதி பொத்தி முடிந்திருந்தது, மறுபகுதியில் பெரிய கிழிசல்.

அன்ரி கேட்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"அதைக் கேட்டிட்டு ஆராவது திருப்பிச் சொன்னவையோ, முனீப் நானா?"

"இல்லையே! அதுக்காகவும்தான் சத்தமாச் சொல்லுறனான். எங்கட பட்டறைப் பிள்ளையள்ல ஒருத்தன் இருந்தாலும் விளங்கும், மறுமொழி சொல்லுவான் எண்டு. ஒவ்வொரு அறைக்கும் கேக்கச் சொன்னன். இருந்திருந்தா சொல்லாம இருப்பானா? ஒருத்தனும் இல்ல." தாடியைத் தடவிக்கொண்டு அவரைப் பார்த்தார். "ஏன் தங்கச்சி, ஆரையும் தேடுறீங்களா?"

"இல்லை நானா. சும்மா கேட்டனான்."

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சனூஸா மறித்தார். பஸ் போய்விடும் என்று சொல்லி எழுந்தோம். முனீப் படலை வரைக்கும் வந்தார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஹேஸ்ட் யி பக்!" என்றார். "இது தெரியும்தானே உங்களுக்கு? உங்கட அப்பா சொல்லுறவரா?"

"இல்லை நானா, இது தெரியாது," என்றார் அன்ரி, என்னைப் பாராமல்.

"கெதியாத் திரும்பி வா எண்டு அர்த்தம்," என்று கிழவர் ஆசையோடு விளங்கப்படுத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் மறுபடி யன்னலோரம் இருந்தார். திரியாய்ச் சந்தியில் எட்டிப் பார்க்கவில்லை. அதைத் தாண்டிய பிறகு, "அம்மா அந்தப் பொடியன்ர கையைக் கண்ணில ஒத்தினவா," என்றார். இன்னும் கொஞ்சத் தூரம் போனபிறகு, "அப்பா இதை அறியாமல் போனது," என்று தொடங்கினார்.

குச்சவெளியில் பையைத் திறந்து பீஸை வெளியே எடுத்தார். கடுதாசியை மடித்து வைத்தார், இலையைப் பிரித்தார், பாணை இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதியை எனக்கு நீட்டினார். எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஏலாமல் இருந்தது. தன்னுடைய பாதியை அவர் ஒரு துண்டும் மிச்சமில்லாமல், மெதுவாக, கீழே சிந்திய சம்பலையும் விரலால் ஒற்றி எடுத்துச் சாப்பிட்டார். இலையை யன்னலால் போட்டார்.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. நாய் ஓடிவந்து காலைச் சுற்றியது. அன்ரி கைகால் கழுவி, விளக்கு வைத்துவிட்டு, என் அறை வாசலுக்கு வந்தார்.

"பிள்ளை, படலையைப் பூட்டிவிடும்."

அந்த வீட்டில் பூட்டு ஒன்று இருந்ததே இல்லை. அதை நான் சொல்லவில்லை. அவருக்கே ஞாபகம் வந்து, கிணற்றடியில் கிடந்த பழைய கயிற்றை எடுத்துக்கொண்டு போனார். படலையையும் வேலிக் கப்புத்தடியையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். நாய் நிமிர்ந்தது. குரைக்குமுன் வழக்கம்போல அவருடைய முகத்தைப் பார்த்தது. அவர் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். நாய் காத்திருந்தது. பிறகு குரைத்தது. நிறுத்தத் தெரியாமல் நெடுநேரம் குரைத்தது.

மறுநாள் காலையில் அன்ஸார் வந்து படலையைத் தள்ளிப் பார்த்துவிட்டு வெளியே நின்று கத்தினார்.

"அக்கோய், இதென்ன படலையக் கட்டி வச்சிரிக்கீங்க? கள்ளன் கிள்ளன் வந்ததா?"

அன்ரி சட்டியோடு வந்து வேலிக்கு மேலால் நீட்டினார்.

"புல்மோட்டைக்குப் போனீங்களாமே. ஆர் அக்கா அந்த மனிசன்? சொந்தமா?"

"டொக்யாட்டில வேலை செய்த ஒருத்தற்ற மகன். நல்ல மனிசன். அவரைப் பொடியன்மார் நக்கல் அடிக்காமல் பாத்துக்கொள்ளும் தம்பி. சூடை இருக்கோ?"

நாய் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அன்ஸாரைப் பார்த்துத் துள்ளித் துள்ளிக் குரைத்தது. அவர் சொன்னது எதுவும் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

"நாய அடக்குங்க அக்கா! அந்தச் சொல்லைச் சொல்லுங்க!"

"குரைக்கட்டும்," என்றார் அன்ரி.